பரணுக்கும் ஒரு ஜமீன்தார்

ஜமீன்தாரி முறையை வெள்ளைக்காரன் 1802-ல் சென்னை ராஜதானியில் கொண்டுவந்து நட்டான். 1948-ல் சட்டம் போட்டு நாம் அதைப் பிடுங்கி எறிந்தோம். நட்டவன் வீட்டுக் கொல்லையில் மட்டும் அது இன்னும் தழைத்து நிற்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதன் பெயர் லீஸ்ஹோல்ட். இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகள் இந்தக் கணக்கில் வருகின்றன. வாங்கியவர் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் நீண்டகாலக் குத்தகைதாரர். 99 வருடமோ 125 வருடமோ, அவ்வளவுதான். பக்கத்திலிருக்கும் ஸ்காட்லாந்துக்காரர்கள் 2004-லேயே நிலப்பிரபுத்துவ நில உரிமையைத் தலைமுழுகிவிட்டார்கள். லண்டனுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ விக்டோரியா காலத்து வீடு ஒன்றை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்திருப்பார்கள். மாடியை நீங்கள் வாங்குகிறீர்கள். மார்ட்கேஜ் முப்பது வருடம். பால் காய்ச்சியாகிவிட்டது. நடையில் நின்று அண்ணாந்து பார்த்தால் சீலிங்கில் ஒரு சதுரக் கதவு. உள்ளே பரண். அங்கே ஏறப் படிக்கட்டு கிடையாது, வெளியிலிருந்து வாசல் கிடையாது. உங்கள் நடையில் உங்கள் ஏணியைச் சாத்தினால்தான் மனிதன் ஏறமுடியும். தலையை நீட்டிப் பார்த்தால் காய்ந்துபோன குளவிக்கூடு, பழைய தண்ணீர்த் தொட்டி, தொட்டால் கை அரிக்கும் கண்ணாடிப் பஞ்சு, எவரோ விட்டுப்போன கார்பெட் சுருள். கொலுப் பொம்மைப் பெட்டியையும் ஊருக்குப் போகும் இரண்டு பெரிய சூட்கேஸையும் ஏற்றி வைக்கிறீர்கள். அத்துமீறல் முடிந்தது.

லீஸ் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்குக் கொடுத்தது எது என்று ஓர் அட்டவணை இருக்கும். சுவரின் உட்பூச்சு, தரைப்பலகை, சீலிங்கின் பூச்சு. பல பத்திரங்களில் அந்தப் பூச்சோடு உங்கள் ராஜ்ஜியம் முடிந்துவிடும். அதற்கு அரை அங்குலம் மேலே அந்நிய தேசம். கூரையும் மரச்சட்டங்களும் நடுவில் கிடக்கும் இருட்டும் நிலச்சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருடையவை. அவர் அந்தப் பரணைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் செருப்புகளுக்கு நடுவில்தான் ஏறவேண்டும். இருந்தாலும் அது அவருடையது.

இனி பத்திரத்தில் இன்னொரு பக்கத்தைப் புரட்டுங்கள். கூரை ஓடு உடைந்தால், சட்டம் உளுத்தால், புகைபோக்கி சாய்ந்தால், மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் செலவில் உங்கள் பங்கு இவ்வளவு. சர்வீஸ் சார்ஜ் என்று பெயர். ஆக, ஓட்டுக்குக் காசு உங்களுடையது, ஒழுகினால் பாத்திரம் வைப்பது நீங்கள், நனைவது உங்கள் மெத்தை. ஓட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ள காற்று மட்டும் அவருடையது. குளிருக்கு அங்கே 270 மில்லிமீட்டர் கனத்துக்குப் பஞ்சு போடச் சொல்கிறது அரசு. ஹீட்டிங் பில் கட்டுகிற நீங்கள் சொந்தச் செலவில் அதைப் பரப்ப நினைத்தாலும், இடத்துக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி மனுவைப் பரிசீலிக்கக் கட்டணம் தனி.

“நாற்பது வருஷமாக அந்தப் பரணை நான்தானே அனுபவிக்கிறேன், அனுபோக பாத்தியதை கிடையாதா?” என்று கேட்பீர்கள். ஊர் ஞாபகம். இங்கே குத்தகைதாரர், நீண்டநாள் அனுபவத்தைக் காட்டித் தன் நிலச்சொந்தக்காரருக்கு எதிராகவே பாத்தியதை கேட்க முடியாது. அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. குத்தகைதாரர் ஒட்டியிருக்கும் இடத்தை வளைத்துப்போட்டால், அவர் அதைத் தன் முதலாளிக்காக வளைத்ததாகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நீதிமன்றங்கள் அனுமானிக்கின்றன. குத்தகை முடியும் நாளில் வளைத்ததையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். மூன்றாம் மனிதரின் இடமாக இருந்தாலும் இதே கதைதான். நம் ஜமீன்தார்கள் விளைச்சலுக்குத்தான் மேல்வாரம் கேட்டார்கள். திருட்டுக்கும் மேல்வாரம் உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பாவம்.

சில பத்திரங்களில் கூரையும் பரணும் மாடிக்காரருக்கே எழுதப்பட்டிருக்கும். 1990-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்படியொரு வழக்கில், கூரையும் பரணும் உன்னுடையது என்றால் அதற்கு மேலுள்ள வெளியும் உன்னுடையதே என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மாடிக்காரர் கூரையிலிருந்து ஜன்னல் துருத்திக்கொண்டு வரும்படி கட்ட விரும்பியவர். ஆக எல்லாம் ஒரு வரியில் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஏதோ ஒரு சொலிசிட்டரின் அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்துக்கு முன் அவசரமாக அடித்த ஒரு வரி. ‘கூரை வெளி உட்பட’ என்று அடித்திருந்தால் உங்கள் மகளுக்கு மேலே ஓர் அறை. ‘நீங்கலாக’ என்று அடித்திருந்தால் மகள் ஹாலில் படுப்பாள்.

‘நீங்கலாக’ என்றிருந்தால் ஃப்ரீஹோல்டரிடம் பரணை விலைக்குக் கேட்கலாம். தடையில்லை. விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம்தான் அவருக்கு இல்லை. விற்க மனம் வந்தால் கணக்கு இப்படி ஓடும்: பரணை அறையாக்கிய பிறகு உங்கள் ஃப்ளாட்டின் மதிப்பு எவ்வளவு ஏறும், கட்டுமானச் செலவு போக மிச்சம் எவ்வளவு, அதில் எனக்கு எவ்வளவு? பாதியில் பேச்சைத் தொடங்குவது சர்வசாதாரணம். அவருடைய வக்கீலுக்கும் அவருடைய சர்வேயருக்கும் ஃபீஸ் கட்டுவதும் நீங்கள்தான். செங்கல் சுமப்பது நீங்கள், வங்கியில் கடன் வாங்குவது நீங்கள், தூசியில் தும்முவது நீங்கள். சும்மா இருந்ததற்குச் சம்பளம் அவருக்கு.

கேட்காமல் கட்டிவிட்டால்? ஒப்பந்த மீறல். ஒப்பந்தத்தை மீறியதாகத் தீர்ப்பாயத்தில் நிரூபித்துவிட்டால், ஃப்ரீஹோல்டர் ஃப்ளாட்டையே பறிமுதல் செய்யக் கேட்கலாம். அவருக்குக் கட்டவேண்டிய தரைவாடகை போன்றவற்றில் பாக்கி என்றால் இன்னும் சுலபம். 350 பவுண்டுக்கு மேல் பாக்கி, அல்லது மூன்று வருடத்துக்கு மேல் எந்தச் சில்லறை பாக்கியாக இருந்தாலும், பறிமுதலுக்கு வழி திறந்துவிடும். நீதிமன்றம் இரக்கம் காட்டலாம், பெரும்பாலும் காட்டும். ஆனால் லட்சக்கணக்கான பவுண்டு போட்டவன் எதற்காக இரக்கத்துக்குக் கையேந்தி நிற்கவேண்டும்?

பரண் போதாதென்று 2020-ல் அரசு ஒரு புண்ணியம் செய்தது. 1948 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட பல அடுக்குமாடிக் கட்டடங்களின் தலையில் இன்னும் இரண்டு தளம் கட்ட முழு பிளானிங் அனுமதி வேண்டாம், சுருக்கமான ஒப்புதல் போதும் என்றது. அன்றிலிருந்து மொட்டைத் தலைக்கு மேலே உள்ள வானத்துக்கும் விலை வந்தது. இரண்டு வருடம் டிரில் சத்தமும் ஜன்னலை மறைக்கும் சாரமும் மேல் ஃப்ளாட்காரருக்கு, புதிய இரண்டு தளத்தின் லாபம் ஃப்ரீஹோல்டருக்கு. வானத்தை மூன்றாவது ஆளுக்கு விற்குமுன் குடியிருப்பவர்களிடம் கேட்கவேண்டிய கட்டடங்கள் உண்டு. 1987 சட்டப்படி கேட்காமல் விற்பது அங்கே குற்றம். கேட்டாலும் வாங்க உங்களிடம் காசு இருக்கவேண்டுமே.

சரி, நாலு பேர் சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்கிவிட்டால் விடிவுகாலம் என்று நினைக்காதீர்கள். 1993 சட்டத்தில் அதற்கு வழி உண்டு, பலர் வாங்கியும் விட்டார்கள். வாங்கின மறுநாள் நாலு பேரும் கால் ஜமீன்தார் ஆகிவிடுகிறார்கள். நேற்றுவரை நிலப்பிரபுவைத் திட்டித் தீர்த்த கீழ்வீட்டு அண்ணன் இன்று ஃப்ரீஹோல்ட் கம்பெனி டைரக்டர். “பரணா தம்பி? அது நம்ம நாலு பேருக்கும் பொதுவாச்சே. சும்மா குடுக்க முடியுமா? ஒரு வேல்யுவேஷன் போட்டுடுவோம்.” அவர் அந்தப் பரணில் ஏறப்போவதில்லை. மூட்டுவலி. சட்டமும் அவர் பக்கம் சாய முடியும்: 2020 மே மாதம் டுவால் வழக்கில் உச்சநீதிமன்றம், கட்டடத்தின் உடலை வெட்டவே கூடாது என்ற தடை எல்லோருடைய லீஸிலும் இருந்து, அதை அமல்படுத்துவதாக வாக்கும் கொடுத்திருந்தால், ஒருவருக்கு மட்டும் தனிச்சலுகை தர முடியாது என்றது. பரணைத் திறந்து அறையாக்க உத்தரத்தை வெட்டாமல் முடியுமா? எனவே கீழ்வீட்டு அண்ணனின் முறைப்பு ஒன்றே போதும்.

பார்லிமெண்ட் தூங்குகிறது என்று சொன்னால் பாவம். இந்தத் தொல்லையெல்லாம் இல்லாத, குத்தகையின்றி ஃப்ளாட்டே சொந்தமாகும் காமன்ஹோல்ட் முறையை 2004-லேயே அமலுக்குக் கொண்டுவந்தது. இருபது வருடத்தில் அதில் சேர்ந்த கட்டடங்களை ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கட்டித் தருபவருக்கு அதில் காலாகாலத்துக்கும் கறவை இல்லையே, ஏன் கட்டுவார்? 2024 மே மாதம் இன்னொரு சட்டம் வந்தது. குத்தகையை 990 வருடத்துக்கு நீட்டலாம், இன்னும் பல சலுகைகள். முக்கியமான பிரிவுகள் பல 2025 முடியும்வரை அமலுக்கு வரவில்லை.

அந்தச் சட்டம் தங்கள் மனித உரிமையைப் பறிக்கிறது என்று பெரிய நிலச்சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வாசித்தது சரிதான், மனித உரிமை. 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது பழைய பாட்டு. 1967-ல் வந்த குத்தகைச் சீர்திருத்தத்தில் லண்டன் பெல்கிரேவியா வீடுகள் சில கைவிட்டுப் போனபோது வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் அறங்காவலர்கள் இதே உரிமையைச் சொல்லி ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1986-ல் தோற்றார்கள். சித்திரவதைக்கும் ஆள்கடத்தலுக்கும் எதிராக மனிதன் கதவைத் தட்டுகிற நீதிமன்றம் அது. அங்கே வரிசையில் நின்று, மேஃபேரில் பெரும் நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் குடும்பத்துக்காக வாதாடினார்கள். தோற்றுத் திரும்பி வந்து, அடுத்த காலாண்டுக்கான தரைவாடகை நோட்டீஸை அச்சடித்தார்கள்.