பத்திரிகை வைக்க மறந்த விருந்தாளி

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் ஒரு கும்பகோணத்து அண்ணன் உண்டு. வாரம் தவறாமல் 1729க்கு ஃபோர்-டி லாட்டரி எழுதுவார். "எங்க ஊர்ப் பையன் நம்பர் தம்பி, கைவிடாது" என்பார். இதுவரை கைவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த டாக்சிக் கதை ஊரறிந்தது. லண்டன் பட்னியில் நோயில் கிடந்த கணித மேதை ராமானுஜனைப் பார்க்கப் போனார் கணித வல்லுநர் ஹார்டி. நாமாக இருந்தால் நாலு ஆரஞ்சு வாங்கிப் போவோம். அவர் கொண்டுபோனது டாக்சி நம்பர். அதுவும் சப்பென்ற நம்பர் என்ற புகாரோடு! ராமானுஜனோ, இரண்டு கனங்களின் கூட்டலாக இருவிதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அதுதான் என்று சொல்லிவிட்டார்.

நான் அண்ணனுக்குச் சொன்னது வேறு கதை. ஒவ்வோர் எண்ணும் ராமானுஜனுக்குச் சிநேகிதம் என்றார் ஹார்டியின் சக கணித வல்லுநர் லிட்டில்வுட். அந்தச் சிநேகிதர்களில் ஒருவருக்கு மனுஷன் கல்யாணப் பத்திரிகையே வைக்கவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். போய்ச் சேர்ந்த சில மாதங்களில் உலகப் போர். சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். அந்த நிலையிலும் 1915இல் 'உயர் பகு எண்கள்' பற்றி ஒரு நீண்ட கட்டுரை. 12ஐப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் அதை மீதியில்லாமல் வகுக்கும். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள அத்தனை பேரையும் வகுத்திகளில் முந்துகிற எண்தான் உயர் பகு எண்.

இதில் ஒரு பந்தி ஒழுங்கு இருக்கிறது. உயர் பகு எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்து, அவற்றை வரிசையாக உட்காரவைத்தால், ஒவ்வொன்றும் எத்தனை முறை பெருக்கத்தில் வருகிறதோ அத்தனை கரண்டி. மூத்தவரான 2க்குத் தாராளமாக விழும். போகப் போகப் பரிமாறுகிறவர் கை சுருங்கும். கடைக்கோடிக்காரருக்கு ஒரே கரண்டி. நடுவில் ஓர் இலையும் காலியாக இருக்காது. கடைசி ஆளுக்கு இரண்டு கரண்டி கிடைத்தது 4, 36 என்ற இரண்டே பந்திகளில்தான். எல்லாவற்றையும் ராமானுஜன் நிரூபித்தே காட்டினார்.

பிறகு கையாலேயே கணக்குப் போட்டு 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800, ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. பந்தியில் 2க்கு ஆறு கரண்டி, 3க்கு நான்கு, 5க்கும் 7க்கும் இரண்டிரண்டு, 11, 13, 17, 19, 23க்குத் தலா ஒன்று. ஒவ்வொரு கரண்டி எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டி எல்லாவற்றையும் பெருக்கினால் 10080 வகுத்திகள்.

கட்டுரையை அச்சிட வேண்டிய லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பணமுடை. எண்களை வகுக்கிற கட்டுரையையே வகுத்து, ஒரு பகுதியை வெளியே வைத்தார்கள். அது அச்சேறியது 1997இல்! பாதிக் கல்யாணமே ஆனாலும் மொய் வந்தது: கேம்பிரிட்ஜ் 1916இல் இதற்காகவே பி.ஏ. கொடுத்தது. கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாத பிள்ளை!

பட்டியலில் விடுபட்ட விருந்தாளி யார்? 293318625600. அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள், பட்டியலின் கடைசி எண் வந்து நிற்கும். மணமேடையில் இருக்கிறவரின் சொந்தச் சித்தப்பாவுக்கே பத்திரிகை இல்லை! ஒருவேளை அன்று ரசத்துக்குப் புளி தீர்ந்திருக்கும்.

அந்தச் சித்தப்பாவின் வகுத்திகள் 5040. இந்த 5040 ஒன்றும் லேசுப்பட்ட எண்ணல்ல. தன் கனவு நகரத்தில் எத்தனை குடும்பங்கள் இருக்கலாம் என்று யோசித்த பிளேட்டோ தேர்ந்தெடுத்தது 5040ஐத்தான். பல விதமாகப் பங்கு போடலாம் என்பது அவர் நியாயம். அதுவும் ஓர் உயர் பகு எண். ராமானுஜனின் பட்டியலில் அதற்குப் பத்திரிகை போயிருக்கிறது.

அண்ணன் கோப்பியைக் கீழே வைத்தார். "5040. நாலு இலக்கம்தானே?"

ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலில் ஆறுதல் பரிசுகூட விழவில்லை. திங்கட்கிழமை காலை அதே மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அவர் வேற எதையாவது விட்டுட்டாரா, நல்லா பார்த்துச் சொல்லு."