மருமகன் வாங்கிய மாணிக்கம்

முதல் வண்டி வாங்குவதில் என் அக்கா மகனுக்கு இணையான ஒரு மேதையை நான் இன்னும் சந்திக்கவில்லை. வயது பத்தொன்பது. எடை ஐம்பத்திரண்டு கிலோ. அதுவரை ஓட்டியது அம்மாவின் ஸ்கூட்டர் மட்டும்; அதுவும் தெருமுனைப் பால் பூத் வரைக்கும். எல்எல்ஆர் எடுத்து இருபது நாள் ஆகியிருந்தது. இந்தத் தகுதிகளோடு பழைய வண்டி தேடுகிறவன் எதைத் தேடுவான்? நம்மைப் போன்ற அரைவேக்காடுகள் 100 சிசி, 110 சிசி என்று இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற வண்டியாகப் பார்த்து மானத்தை வாங்குவோம். அவன் பார்த்தது 350 சிசி. வண்டியின் எடை ஏறத்தாழ 190 கிலோ, அதாவது மூன்றரை மருமகன்களுக்கு மேல். பெயரைச் சொல்லத் தேவையில்லை. அது தெருவுக்குள் திரும்பும்போதே தூளியில் தூங்குகிற குழந்தை எழுந்து சொல்லிவிடும்.

உண்மையில் அவன் மனம் முதலில் போனது ஆர்எக்ஸ் 100 மீதுதான். அந்த வண்டியின் உற்பத்தி நின்றது 1996இல், இவன் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பு. பதினைந்து வருஷம் முடிந்து, பிறகு ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டிய வயது அதற்கு. விற்பவர்கள் சொன்ன விலையைக் கேட்டபோது, முதியோரை மதிக்கும் பண்பு நாட்டில் இன்னும் அழியவில்லை என்று எனக்குப் புல்லரித்தது. பணம் போதாமல்தான் அந்தப் பெரியவரை விட்டுவிட்டு இவரிடம் வந்தான்.

இடையில் ஒரு சோதனையும் வந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தம்முடைய 2017 மாடல் ஸ்ப்ளெண்டரை 38 ஆயிரத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னார். எந்தத் தேதியில் ஆயில் மாற்றினார், எத்தனையாவது கிலோமீட்டரில் செயின் ஸ்ப்ராக்கெட் போட்டார் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். பெட்ரோல் டேங்க்கில் ஒரு நெளிசல். சீட்டில் தையல் பிரிந்த இடத்தில் பிளாஸ்திரி. காலையில் குளிர்ந்து கிடந்த இன்ஜினை எங்கள் கண்முன்னே ஒரே உதையில் கிளப்பிக் காட்டினார். மருமகன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. அவன் முகம் வாடிவிட்டது. "இது சார் வண்டி மாதிரி இருக்கு மாமா" என்றான் வெளியே வந்து. இதைவிடக் கச்சிதமான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அன்று மாலையே பழைய வண்டி விற்கும் ஸ்டாண்டுக்குப் போனோம். அதியமானுக்காகத் தூது போன அவ்வை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து வியந்தாள் அல்லவா, நானும் அப்படியே வியந்து நின்றேன். வண்டிகளெல்லாம் பாலிஷ் பூசி, வரிசையாக, மாலை வெயிலில் மின்னின. எங்கள் மாணிக்கத்துக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தது. டேங்க்குக்குப் புது பெயிண்ட். சீட்டுக்குப் புது உறை. சக்கரத்துக்குக் கீழே ஒரு சொட்டு ஆயில் கூட இல்லை; துடைத்த துணி மட்டும் பக்கத்தில் கிடந்தது.

நான் ஒரு தவறு செய்தேன். பெயிண்ட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் இன்ஜின் மேல் கையை வைத்துவிட்டேன். விரல் வெந்துபோயிற்று. நாங்கள் வருவதாக ஆறு மணிக்குத்தான் சொல்லியிருந்தோம். அதற்குள் வண்டியை ஓட விட்டுச் சூடாக்கி வைத்திருந்தார் புரோக்கர் அண்ணன். ஆறிப்போன இன்ஜின் கிளம்ப அடம் பிடிக்கும், உள்ளே ஏதாவது கடகடக்கும், சைலன்சரில் நீலப்புகை எட்டிப் பார்க்கும், வந்தவர்கள் மனம் நோகும். வருகிறவர்களுக்கு ஆறிய சோறு போடக்கூடாது என்ற நம் மரபு எங்கெல்லாம் வாழ்கிறது பாருங்கள்.

"டாக்டர் வெச்சிருந்த வண்டி சார். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பாரு. பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கு." மீட்டரும் அதையே சொன்னது. 2013 மாடல். கிக்கர் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது, கால்மிதியின் ரப்பர் வழுக்கையாகியிருந்தது, பிரேக் பெடல் கண்ணாடி போலப் பளபளத்தது. பதினெட்டாயிரம் கிலோமீட்டரில் இவ்வளவு தேய்த்திருக்கிறார் என்றால் அந்த டாக்டரின் கால் எப்படிப்பட்ட கால்! மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் முள் நகராது என்பதும், மீட்டரைப் பின்னால் திருப்ப ஆள் இருக்கிறது என்பதும் கெட்ட எண்ணம் படைத்தவர்களுக்கு மட்டுமே தோன்றும்.

ஹெட்லைட் கிண்ணத்தின் உள்ளே ஒரு மண் கோடு படிந்திருந்தது. வண்டி வேளச்சேரிப் பக்கம் நின்ற வண்டி என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பக்கத்து வண்டிகள் கண்ட தீர்த்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. புண்ணிய தீர்த்தமாடிய வண்டிக்கு எங்கள் வீட்டில் இடம் கிடைத்ததே பாக்கியம்.

மருமகன் இதிலெல்லாம் கவனம் சிதறவிடவில்லை. அவன் ஆக்சிலேட்டரை முறுக்கினான். "சத்தத்தைக் கேளுங்க மாமா!" கேட்டேன். எதிர்க்கடை டீ கிளாஸ்களும் கேட்டன. டயரில் பட்டன் நிறைய இருப்பதாகப் புரோக்கர் அண்ணன் தட்டிக் காட்டினார், இருந்தது உண்மை. டயரின் பக்கவாட்டில் நாலு எண் அச்சாகியிருக்கும், முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். இதில் 1713 என்றிருந்தது. 2013ஆம் வருஷம் பதினேழாவது வாரத்தில் பிறந்த ரப்பர், வண்டியோடு கூடப் பிறந்து, இறுகி, மயிரிழை மயிரிழையாக வெடித்தும் விசுவாசமாக அங்கேயே இருந்தது. மழை ரோட்டில் இது எப்படிப் பிடிக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். "ஒரிஜினல் டயர் சார்" என்றார் அவர். அதற்குமேல் என்ன கேட்பது?

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அட்வான்ஸ் ஐயாயிரத்தைக் கொடுத்துவிட்டான். வேறொருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம், நாளைக்குப் பணத்தோடு வருகிறாராம். எல்லா ஸ்டாண்டுக்கும் வந்து எல்லா வண்டியையும் பார்த்துவிட்டுப் போகிற அந்த மனிதரை ஒரு நாள் நேரில் கும்பிட வேண்டும். பிறகு மருமகன் ஐம்பது அடி ஓட்டிவிட்டு, கால்விரல் நுனியில் பரதநாட்டியம் ஆடி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். லேசாக இடப்பக்கம் இழுக்கிறது என்றான். "அது கொள்கைப்பிடிப்பு" என்று சொல்லிவைத்தேன். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் தடுத்து நிறுத்துகிற இரும்புக் கட்டை ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. எதிலாவது பலமாக மோதிய வண்டியில்தான் பெரும்பாலும் அந்த நசுங்கல் வரும். டாக்டர் ஞாயிற்றுக்கிழமையில் எதில் மோதினாரோ!

ஏபிஎஸ் இல்லை. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்துதான் அது கட்டாயம். பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும் அந்தச் சோம்பேறிச் சாதனம், முதல்முறை ஓட்டுகிறவனுக்கு எதற்கு?

இப்போது காகிதங்களுக்கு வருகிறேன். இங்கேதான் வண்டியின் முதல் உரிமையாளரை நினைத்து உள்ளம் உருகுகிறது. முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. அந்தத் தேர் யார் மேலாவது ஏறினால் நஷ்ட ஈட்டை நானே கட்டுகிறேன் என்று அவன்கூட எழுதிக் கொடுக்கவில்லை. இவர் கொடுத்திருக்கிறார். 29ஆம் படிவத்திலும் 30ஆம் படிவத்திலும் வாங்குபவர் பெயர், தேதி எதுவும் எழுதாமல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு நீட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கையெழுத்து இரண்டு கை மாறி எங்களிடம் வந்திருக்கிறது. விற்றவர் பதினாலு நாளுக்குள் ஆர்டிஓவுக்குச் சொல்ல வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொல்லட்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டியை எத்தனை கை மாற்றிவிட்டிருந்தாலும் விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த வள்ளல் இந்நேரம் எந்த ஊரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. வாழ்க.

ஆர்சியில் கடன் கொடுத்த பைனான்ஸின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. கடன் அடைந்துவிட்டது என்று அவர்கள் கடிதம் தந்தால்தான் பெயர் மாற்றமே நடக்கும். "அதெல்லாம் பத்து நாள்ல வாங்கிடலாம் சார்" என்றார் புரோக்கர் அண்ணன். சொல்லி ஏழு மாதம் ஆகிறது. வார்த்தை மாறாத மனிதர், இன்றைக்குப் போன் செய்தாலும் அதே பத்து நாள்தான். இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது என்பதைப் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அன்போடு தெரிவித்தார். ரசீதும் கொடுத்தார், 2,000 ரூபாய்க்கு.

விலை 85 ஆயிரம். கையில் மிச்சமிருந்ததில் மருமகன் முதலில் வாங்கியது வேறு சைலன்சர். இரண்டாவது, நம்பர் பிளேட்டுக்குக் கழுகு ஸ்டிக்கர். ஹெல்மெட் வண்டியோடு இலவசமாக வந்துவிட்டது. தலையில் கவிழ்த்த சட்டி போல, ஐஎஸ்ஐ முத்திரை முதலிய ஆடம்பரங்கள் ஏதும் இல்லாமல், முடி கலையாத வண்ணம் அமைந்திருந்தது.

முதல் வாரத்திலேயே மேம்பாலச் சரிவில் சிக்னலுக்கு நின்றான். நின்றான் என்பதை இரண்டு வினாடிக்கு மட்டும் சொல்லலாம். ஊன்றப் போன கால் தரையை எட்டவில்லை. வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, அவனை அணைத்துக்கொண்டு சாய்ந்தது. இரண்டு ஆட்டோக்காரர்கள் இறங்கிவந்து தூக்கினார்கள். அவர்களில் பெரியவர் சொன்னாராம்: "தம்பி, நீ வண்டிய ஓட்டுறியா, வண்டி உன்ன ஓட்டுதா?" கணுக்காலில் கட்டோடு வந்த மருமகன் அதைச் சொன்னபோது அக்கா அழுதாள். நான் அந்த ஆட்டோக்காரரின் முகவரி கிடைக்குமா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கழிகின்றன. ஃபோர்க் பைப், கோன் செட், கிளட்ச் பிளேட் என்று ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி வருகிறோம். மெக்கானிக் இன்ஜினை இறக்கிப் போர் போட்டார். வாங்குவதற்கு முன் வந்து பார்க்க அதே மெக்கானிக் முந்நூறு ரூபாய் கேட்டார். அநியாயம் என்று மருமகன் மறுத்துவிட்டான். இதுவரை அவரிடம் கொடுத்தது 31 ஆயிரம். வாத்தியாரின் ஸ்ப்ளெண்டரைப் பக்கத்துத் தெருப் பேப்பர் போடும் பையன் வாங்கிக்கொண்டான். அதில் ஆயில் மாற்றுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாமல் அவன் அவதிப்படுகிறான்.

மருமகன் வண்டியை விற்பதென்று முடிவு செய்திருக்கிறான். புது பெயிண்ட், அதிகம் ஓடாதது, மீட்டரில் 18,900தான். வாங்க விரும்புகிறவர்கள் தயவுசெய்து காலையில் வர வேண்டாம். மாலை ஆறு மணிக்கு, முன்கூட்டியே போன் செய்துவிட்டு வாருங்கள். இன்ஜினைச் சூடாக வைத்திருக்கிறோம்.