வண்டிக்கு ஓடத் தெரியும், ஒனக்கு நிக்கத் தெரியுமாலே?

ஏலே பேராண்டி, கார்த்திகையில குடும்பத்தோட கீழவைப்பாறுக்கு வாறேன்னு சொன்னே, சந்தோசம். கூடவே போன்ல ஒரு பட்டியல் அனுப்பியிருக்கியே, அதைப் பக்கத்து வீட்டுப் பயல வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 10.40 சாத்தூர். 11.25 எட்டயபுரம், பாரதி பிறந்த வீடு, 20 நிமிசம். 12.15 விளாத்திகுளம். 1 மணிக்கு உப்பளத்துல போட்டோ. சரி மக்கா. இதுல மழைக்கு எத்தன நிமிசம் ஒதுக்கியிருக்கே? சின்னவளுக்கு ஒண்ணுக்கு வந்தா? ஒங்க அம்மைக்கு வயித்தப் பொரட்டினா?

கோவில்பட்டியில நிக்கவே இல்லையாமே! கேட்டா, கடலைமிட்டாய் வீட்டுக்கே பார்சல்ல வருதுங்கே. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின மிட்டாயி. அந்த ஊரு வழியா போறவன் கடை வாசல்ல நின்னு கடிக்காம, வீட்டுல போயி அட்டைப்பெட்டியப் பிரிப்பானாம். நல்லாயிருக்குலே ஒன் நாகரிகம்.

நம்ம பக்கத்து மழையை ஒனக்குத் தெரியாது. முக்காவாசி வருசம் எட்டிப் பாக்காது. ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்தோட வந்தா வட்டியும் மொதலுமாக் குடுத்துட்டுப் போவும். சாத்தூர்ல பாலத்துல போவும்போது கீழ ஒரு ஆறு கெடக்கும், பாரு. கோடையில மணலும் சீமக்கருவேலமும்தான். அந்த வைப்பாறுதான் நம்ம ஊருகிட்ட வந்து கடல்ல சேருது. அங்க கலங்கல் தண்ணி சுழிச்சு ஓடுச்சுன்னா, அது ஒனக்கு முந்தி இங்க வருமா, பிந்தி வருமா? போனைக் கேக்காத. டீக்கடையில கேளு. போன்ல நீலக்கோடு நேராப் போவுதுன்னு தரைப்பாலத்துல வண்டிய எறக்கிராத. கோடு போட்டவன் எங்கயோ இருக்கான். முங்கப்போறது நீ.

விளாத்திகுளம் சுத்தி கரிசக்காடு. வெயில்ல பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குத மண்ணு, நாலு தூத்தல் விழுந்தா டயரைப் புடிச்சா விடாது. ஒன் வண்டி மலையேறும்னு வெளம்பரத்துல போட்டிருந்தானாக்கும்? ஏறட்டும். கரிசல்ல எறங்கினா, கூப்பிட வேண்டியது டிராக்டர்க்காரனைத்தான்.

மழை வலுத்தா நில்லு. ரோட்டோரம் ஓலைச் சாய்ப்பு போட்டு, முன்னால தார்ப்பாய் கட்டியிருப்பான். நடுவுல தண்ணி தேங்கி, தார்ப்பாயி தொந்தி மாதிரி தொங்கும். கடைக்காரன் கம்பால கீழ இருந்து ஒரு குத்து குத்துவான். சளார்னு கொட்டும். ஒம்பிள்ளைய போனைத் தூக்கி வச்சுட்டு, ‘இன்னொரு தடவ குத்துங்க தாத்தா’ன்னு நிக்கும், பாத்துக்கோ. கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி கையில சுடும். அந்நேரம் நீ என்ன செய்வே? கடைக்கு எத்தன நட்சத்திரம் குடுத்திருக்கான்னு தேடுவே. மழைக்கு ஒதுங்குத எடத்துக்கு நட்சத்திரம் எதுக்குலே? அன்னைக்கு வானத்துலயே கெடையாது.

அப்புறம் அந்த உப்பளப் போட்டோ. கார்த்திகையில உப்பு ஏது? பாத்தி பூரா மழைத்தண்ணி நிக்கும். வாரின உப்பை அம்பாரமாக் குமிச்சு ஓலை போட்டு மூடியிருப்பாவ. வெள்ளை மலைக்கு முன்னால கையை விரிச்சுட்டு நிக்கணும்னா சித்திரையில வா. அப்படியே ஒருநாள் வெயில்ல உப்பு வாரியும் பாரு, கை தானா விரியும்.

முத்து கெடைக்குமான்னும் கேட்டிருக்கே. கடைசியா முத்துக்குளிச்சது 1961-ல. நான் அப்போ டவுசர்ப் பய. கல்லைக் கட்டிக்கிட்டு, மேல கயித்தப் புடிச்சிருக்கவனை நம்பி எறங்குவாவ. அள்ளிட்டு வந்த சிப்பியில எதுல முத்து இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? குமிச்சு அழுகப்போட்டு, அலசித்தான் பாக்கணும். அந்த நாத்தத்துல பத்து நிமிசம் நிப்பியா நீ?

மழையைச் சொல்லி ஒன்னைப் பயங்காட்டலை. 2023 டிசம்பர் 17-ஐ மறந்துட்டியோ? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல இருந்து மெட்ராசுக்குக் கெளம்பின ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சு. தண்டவாளத்துக்கு அடியில சல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரிச்சுட்டுப் போயிட்டு. உள்ள 800 பேரு கிட்ட. பெர்த்து நம்பரு வரைக்கும் முன்னக்கூட்டியே போட்டு வச்சிருந்தாவல்லா? சோறு எங்கன்னு எந்தச் சீட்டுல இருந்துச்சு? புதுக்குடி சனம் பொங்கிக் கொண்டாந்து குடுத்துச்சு. அவுகளைச் சுத்தியும் வெள்ளம்தான். ஹெலிகாப்டரு பொறவுதான் வந்துச்சு. பேரு தெரியாத ஊருல எறங்கமாட்டேங்கியே, அந்த ரயில்ல இருந்தவன் கிட்ட புதுக்குடி பேரைச் சொல்லிப் பாரு.

தூத்துக்குடி துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டான்னு கேட்டா, எங்க நிக்கியோ அங்கனயே ராத்தங்கு. எங்க பயலுவளும் வள்ளத்தக் கரையேத்திட்டுக் குறட்டை விடுவானுவ. கடலை நம்பிப் பொழைக்கவனே சும்மா இருக்கான், ஒனக்கு என்னலே அவசரம்?

சமையலுக்கு என்னென்ன மீனுன்னு வேற கேட்டு எழுதியிருக்கே. காத்து விட்டா மீனு. விடலேன்னா கருவாடு. நாத்தம்னு மூக்கைப் பொத்தினா ஒங்க ஆச்சி ஒனக்கு மோருஞ்சோறு போடுவா. ஒன் பங்குக் கருவாட்டை நான் பாத்துக்கிடுதேன்.