முழு அதிகாரம் பெற்ற ரயில்வே

ரயில்வேயை எப்படி நடத்துவது என்று தெரியாதவர்கள், மாடல் ரயில்காரர் வீட்டு மாடியறைக்குப் போய்ப் பார்க்கலாம். உலகமே அங்கே 87-இல் ஒரு பங்கு. செலவுக்கு மட்டும் அந்த அளவுகோல் செல்லாது. புத்தம்புது எஞ்சினை வாங்கி, தம் கையாலேயே துருவும் கரியும் பூசுகிறார். பயணிகள் இல்லை, ஆகவே புகாரும் இல்லை. வண்டி சுற்றி வந்த வழியே திரும்பும் வளையத்தில், இடது தண்டவாளம் வலதோடு சேர்ந்து ஷார்ட் சர்க்யூட் ஆகும். உடனே தண்டவாளத்தை வெட்டி இடைவெளி விட்டு, மேசைக்கடியில் மல்லாந்து படுத்து வயரைப் பற்றவைக்கிறார். எந்த அமைச்சர் இவ்வளவு இறங்கி வேலை செய்வார்? கால அட்டவணையும் உண்டு. தத்ரூபம் கெடக் கூடாதென்று வண்டிகளை அவுட்டரில் நிறுத்தியும் வைக்கிறார்.

போன வாரம் தங்கை கல்யாணத்துக்கு அவர் போக வேண்டிய நிஜ ரயில் சரியான நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது. இவ்வளவு யதார்த்தமில்லாத ரயில்வேயை அவர் பார்த்ததே இல்லையாம்.