முதல் ஆல்பம் போல வராது: கிறிஸ்தவ ஃபோக் ராக் ரசிகர்களின் எதிர்வினைகள் குறித்த ஓர் ஆய்வு

கருதுகோளும் எல்லையும்

எந்த ஆய்வும் கருதுகோளில் தொடங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தோதான கருதுகோளைப் பிறகு முன்னால் ஒட்டுவது பல்கலைக்கழக வழக்கம். இவ்வாய்வு வழக்கத்தை மதிக்கிறது. கருதுகோள் வருமாறு: ஒரு கிறிஸ்தவ ஃபோக் ராக் குழு புதிய ஆல்பம் வெளியிட்டதும் அதன் ரசிகர் முதலில் போட்டுக் கேட்பது அதை அன்று, பழைய ஆல்பத்தை. அடுத்தும் அதையே கேட்கிறார். நடுவில் ஒருமுறை புதியதைக் கேட்கிறார். அதைப் பற்றிய அவர் கருத்து அதற்கு முன்பே உருவாகிவிடுகிறது.

முதன்மைத் தரவு, டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் 1990களின் தொடக்கத்தில் கூடிய கேட்மன்ஸ் கால் என்ற குழு. ஒப்பீட்டுக்கு, இல்லினாய் மாநிலத்தில் கிரீன்வில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஜார்ஸ் ஆஃப் கிளே. கிதார் என்றாலே முகம் சுளிக்கும் மூப்பர்களும், கச்சேரிக்குக் காதில் பஞ்சோடு வரும் பெற்றோரும் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர்.

முன்னோடிகள்

இத்துறையின் மூத்த ஆவணம் 731ஆம் ஆண்டினது. பீட் என்ற துறவி தம் இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றில் கேட்மன் என்ற மாட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறார். ஹூஸ்டன் குழு பெயர் எடுத்தது இவரிடமிருந்துதான். விருந்துகளில் யாழ் கைமாறி வரும். வாங்கியவர் பாட வேண்டும். யாழ் தன் பக்கம் நெருங்குவதைக் கண்டால் கேட்மன் மெல்ல எழுந்து போய்விடுவார். ஒருநாள் அப்படித் தொழுவத்துக்குப் போய்ப் படுத்தவரின் கனவில் ஒருவர் தோன்றி, படைப்பைப் பற்றிப் பாடச் சொல்கிறார். இவரும் பாடிவிடுகிறார். விடிந்ததும் விட்பி மடத்தின் தலைவி ஹில்டாவிடம் அழைத்துப் போகிறார்கள்.

ஆய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. ஹில்டா உடனே பரவசப்பட்டுவிடவில்லை. படித்தவர்களைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் பாடச் சொல்கிறார். கேட்டவர்கள், இது தேவன் தந்த வரமே என்று ஒருமனதாக ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்ட கையோடு வேறொரு வேதப் பகுதியை எடுத்துச் சொல்லி, முடிந்தால் இதையும் பாட்டாக்கிக் கொண்டு வா என்று அனுப்புகிறார்கள். வரம் சந்தேகமில்லாமல் மேலிருந்து வந்ததுதான். இருந்தாலும் இரண்டாவது பாட்டு எப்படி இருக்கிறதென்று பார்த்துவிடலாமே! கிறிஸ்தவ இசை விமர்சனம் அன்று காலையே பிறந்துவிட்டது. கேட்மன் மறுநாள் நன்றாகவே பாடிக்கொண்டு வந்தார். ஆயுள் முழுக்கப் பாடினார். இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்த முதல் பாட்டின் ஒன்பது வரிகள் மட்டுமே. முதல் ஆல்பமே நிலைக்கும் என்று வாதிடுவோருக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது.

அடுத்த சான்று 1690களின் லண்டன். பெஞ்சமின் கீச் என்ற பாப்டிஸ்ட் போதகர் தம் சபையில் வாரந்தோறும் பாட்டுப் பாடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். பழைய பாட்டா புதிய பாட்டா என்ற சண்டைக்கே அங்கு இடமில்லை. பாட்டே கூடாது என்பது எதிர்ப்பாளர் கட்சி. கண்டனப் புத்தகங்கள் வந்தன. ஒரு கூட்டம் சபையை விட்டே வெளியேறியது. கீச் கண்டுபிடித்த சமரசம் அருமையானது: பாட்டை ஆராதனையின் கடைசியில் வைத்துக்கொள்வோம், பிடிக்காதவர்கள் அதற்கு முன் எழுந்து போகலாம். இன்றைய கச்சேரிகளில் பாடகர் மைக்கைப் பிடித்து ‘இது புது ஆல்பத்திலிருந்து’ என்றதும் பின் வரிசைகள் காபிக் கடை நோக்கி நகர்வது அந்த உரிமையின் எச்சம் என்று இவ்வாய்வு கருதுகிறது.

மூன்றாவது சான்று பாப் டிலன். அவர் தனிப்பாடகர், குழு அல்லர். ஆகவே எல்லைக்குள் வரமாட்டார். ஆனால் அவரை விட்டுவிட்டு இந்த ஆய்வை முடிப்பது நேர்மையாகாது. 1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் அவர் மின் கிதாரோடு ராக் பாட, நாட்டார் பாட்டு ரசிகர் ஒருவர் ‘யூதாஸ்!’ என்று கத்தினார். யூதக் குடும்பத்தில் பிறந்த, அன்றைக்குக் கிறிஸ்தவராகவே இல்லாத ஒருவருக்கு இந்தப் பட்டம். 13 ஆண்டுகள் கழித்து டிலன் கிறிஸ்தவரானார். 1979இல் ‘ஸ்லோ ட்ரெயின் கமிங்’ வெளிவந்தது. அந்த நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ வார்ஃபீல்டு அரங்கில் பழைய பாட்டு ஒன்றுகூட இல்லாமல் முழுக்க முழுக்கக் கிறிஸ்துவைப் பற்றியே பாடினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. பழைய ராக் பாட்டுகள் வேண்டுமாம். எவற்றைப் பாடியதற்காக யூதாஸ் ஆனாரோ, அவற்றையே இப்போது பாடாததற்காகவும் ஏச்சு வாங்கினார்.

‘முதல்’ எது?

முதல் ஆல்பமே சிறந்தது என்பதில் ரசிகர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. முதல் எது என்பதில்தான் வேறுபாடு. 1997இல் பெரிய நிறுவனம் வழியாகக் கேட்மன்ஸ் கால் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டது. கடையில் வாங்கிய ரசிகருக்கு அதுவே முதல். அவருக்கு மூத்தவர் சிரிப்பார். அவரிடம் கல்லூரிக் கச்சேரி வாசலில் மேசை போட்டு விற்ற 1994ஆம் ஆண்டுப் பதிவு இருக்கிறது. அவருக்கும் மூத்தவர் ஒருவர் உண்டு. பதிவே ஆகாத நாட்களில் நேரில் கேட்டவர் அவர். ஒலிப்பதிவு வந்ததுமே ஜீவன் போய்விட்டது என்பது அவர் கட்சி. இந்த வழியே பின்னோக்கிப் போனால் ஆய்வு கடைசியில் விட்பி தொழுவத்தில் போய் நிற்கும். மூலப் பாட்டு பிறந்தபோது அருகில் இருந்தவை மாடுகள். அவற்றின் கருத்தை பீட் பதிவு செய்யவில்லை. இத்துறையின் பெரிய இழப்பு இது.

குறையைச் சொல்லும் முறை

சாதாரண ராக் ரசிகருக்கு வேலை எளிது. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். கிறிஸ்தவ ரசிகருக்கு அந்த வசதி கிடையாது. தேவனைத் துதிக்கும் பாட்டை மெட்டு சரியில்லை என்று ஒதுக்கினால் தன் ஆவிக்குரிய நிலையைப் பற்றியே கேள்வி எழும். எனவே குறை வேறு உடை அணிந்து வருகிறது. ‘இந்த ஆல்பம் கேட்டதிலிருந்து என் இருதயத்தில் ஒரு பாரம்’ என்பார். டிரம்ஸ் அதிகம் என்று பொருள். ‘அந்தத் தம்பிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் கீபோர்டு வந்துவிட்டது. ‘பழைய அபிஷேகம் இல்லை’ என்றால் ஹார்மோனிகா இல்லை. வாலிபர் கூட்டத்தில் ஒருவர் ஜெபக்குறிப்பாக ஒரு பாண்டின் பெயரைச் சொன்னால் அது ஆல்பம் விமர்சனம் என்றே கொள்க.

கேட்மன்ஸ் கால் 2000இல் ‘லாங் லைன் ஆஃப் லீவர்ஸ்’ ஆல்பத்தில் பாப் பக்கம் சாய்ந்தது. மரக் கிதாரையும் கையால் தட்டும் தாளக் கருவிகளையும் நம்பி வளர்ந்த ரசிகருக்கு இது பின்மாற்றம். மறு வருடம் ஆராதனைப் பாட்டுகளோடு ‘இன் தி கம்பெனி ஆஃப் ஏஞ்சல்ஸ்’ வந்தது. பின்மாற்றம் என்று முணுமுணுத்தவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் ஆராதனைப் பாட்டு என்பதை எல்லாரும்தானே செய்கிறார்கள் என்று சொல்லவும் வழி இருக்கிறது அல்லவா? குழு என்ன செய்தாலும் தக்க குறை ரசிகர் கையில் தயாராக இருக்கும் என்பதே இங்கு பெறப்படும் முடிவு.

அதே காலத்தில் நாஷ்வில்லை மையமாகக் கொண்டு இண்டெலிபிள் கிரேஸ் என்ற முயற்சி நடந்தது. பழைய பாமாலைகளின் வரிகளுக்குப் புது மெட்டு. கேட்மன்ஸ் கால்காரர்களும் அந்த வட்டத்தவர்கள். பாட்டியின் மெட்டை மாற்றலாமா என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். பதில் சங்கடமானது. ‘அமேசிங் கிரேஸ்’ வரிகள் அச்சேறியது 1779இல். உலகமே அறிந்த அந்த மெட்டோடு அவை சேர்ந்தது 1835இல், அமெரிக்கப் பாட்டுத் தொகுப்பாளர் வில்லியம் வாக்கர் கையால். 56 ஆண்டுகள் அதை வேறு மெட்டுகளில் பாடியவர்கள் வாக்கரைப் பற்றி என்ன ஜெபக்குறிப்பு கொடுத்திருப்பார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

அளவீட்டு முறைகள்

அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலி வட்டாரத்தில் ஜே.பி.எம். என்றொரு அளவை வேடிக்கையாகச் சொல்வார்கள்: ஒரு நிமிடத்துக்கு இயேசுவின் பெயர் எத்தனை முறை வருகிறது. வேடிக்கை என்று சொல்லிக்கொண்டே பலர் எண்ணவும் செய்தார்கள். ஜார்ஸ் ஆஃப் கிளேயின் ‘ஃப்ளட்’ (1995) இந்தச் சோதனையில் தேறாத பாட்டு. கிங் கிரிம்ஸன் குழுவின் கிதார்க்காரர் ஏட்ரியன் பெலூ தயாரித்த அது, உலகத்தாரின் ராக் வானொலிகளிலேயே வெற்றி பெற்றது. அங்கே கேட்ட பலருக்கு அது கிறிஸ்தவப் பாட்டு என்று தெரியாது. சபையில் கேட்ட சிலருக்கும் அதே சந்தேகம். இந்த அளவுகோலை வேதாகமத்தின் மேல் வைத்தால் எஸ்தர் புஸ்தகம் பூஜ்ஜியம் வாங்கும் என்பதை, அதில் தேவனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை என்பதை, இங்கே குறித்து வைக்கிறோம்.

இன்னும் நுட்பமான முறை ஒன்று உண்டு. ரசிகர் குறுந்தகட்டு உறையிலிருந்து அந்த மடிப்புப் புத்தகத்தை உருவி, மேசை விளக்கடியில் பிடித்து, எறும்பளவு எழுத்துகளில் ‘யூ’வைத் தேடுவார். தேவனைக் குறித்தால் அது பெரிய எழுத்தில் தொடங்கும். காதலியைக் குறித்தால் சிறிய எழுத்து. முழுப் பாட்டையும் பெரிய எழுத்திலேயே அச்சடித்துவிடும் வடிவமைப்பாளர்கள் பலரது உறக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள். திருக்கோவையாரில் பேரின்பமா சிற்றின்பமா என்று உரையாசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட ஊரிலிருந்து பார்க்கையில் இது நமக்குப் புதிதாகத் தெரியாது. அடுத்து நன்றியுரைப் பக்கம். முதல் நன்றி தேவனுக்கு, இரண்டாவது மனைவிக்கு, அப்புறம் கிதார் கம்பிக் கம்பெனிக்கு. இந்த வரிசை பிசகினால் குடும்பத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

கடையும் பெக்கியும்

1990களின் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் குறுந்தகட்டு அலமாரிக்கு மேலே ஒரு பட்டியல் தொங்கும். உலகப்பிரகாரமான இன்ன குழு உனக்குப் பிடிக்குமென்றால், பதிலாக இந்தக் கிறிஸ்தவக் குழுவைக் கேள் என்று இரண்டு பத்தி. மருந்துக் கடையில் எழுதிக் கொடுத்த மாத்திரை இல்லாதபோது அதே மூலக்கூறில் வேறு கம்பெனி மாத்திரை கொடுப்பார்களே, அந்த முறை. கேட்டுக்கொண்டு போனவருக்கு ஏமாற்றம் இரட்டை: அதைப் போல இல்லையே என்று ஒன்று, அதைப் போலவே இருக்கிறதே என்று மற்றொன்று.

கேட்மன்ஸ் காலின் டெரிக் வெப் 2003இல் குழுவை விட்டு விலகித் தனி ஆல்பம் ஒன்று வெளியிட்டார். அதில் திருச்சபையைப் பற்றிச் சொல்ல ஓர் உவமையும் ஒரு கடுஞ்சொல்லும். சில கிறிஸ்தவக் கடைகள் ஆல்பத்தை விற்க மறுத்தன. அந்தச் சொல்லும் அந்த உவமையும் ஓசியா தீர்க்கதரிசியிடமிருந்து வந்தவை. ஓசியா அடங்கிய புத்தகத்தை, தோல் அட்டையும் பொன் விளிம்புமாக, அதே கடைகள் பக்கத்து அலமாரியில் விற்றுக்கொண்டிருந்தன.

இத்துறையில் மிகுந்த செல்வாக்குள்ள ரசிகர் பெக்கி என்ற பெண்மணி. வயது முப்பதுகளின் பின்பகுதி. வேன் ஓட்டிப் பிள்ளைகளைப் பள்ளியில் விடுபவர். கிறிஸ்தவ வானொலிக்காரர்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பலாமா என்று தீர்மானிக்கும்போது, இது பெக்கிக்குப் பிடிக்குமா என்றே கேட்பார்கள். பெக்கி உண்மையில் இல்லை. நிலையங்கள் தமக்காகக் கற்பனை செய்துகொண்ட நேயர். உயிரோடு இருக்கும் ரசிகர்கள் ஆயிரம் பேர் எழுதினாலும், பிறக்காத இந்தப் பெண்மணி தலையை அசைத்தால்தான் பாட்டு வானேறும்.

வெளிநாட்டுச் சோதனை

2004இல் கேட்மன்ஸ் கால் ஆபத்தான காரியம் ஒன்றில் இறங்கியது. இந்தியா, பிரேசில், ஈக்வடார் என்று மூன்று நாடுகளுக்கும் போய், அங்குள்ள இசைக்காரர்களோடு சேர்ந்து ‘ஷேர் தி வெல்’ ஆல்பத்தைச் செய்தார்கள். அதில் ‘மதர் இந்தியா’ என்று ஒரு பாட்டு. ‘தலித் ஹிம்’ என்று இன்னொன்று. சபைக்குள்ளேயே தலித் கிறிஸ்தவர்கள் தனி வரிசையில் உட்காரவும் தனிக் கல்லறையில் அடங்கவும் வைக்கப்பட்ட வரலாறு தெரிந்தவர்கள் நாம். அந்தச் சொல் டெக்சாஸ் சபையின் ஒலிபெருக்கியில் வரும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் முகம் எப்படி இருக்கும் என்று அறிய ஆசைதான். நம் ஊர்ச் சபை ஒன்றில் அதே பாட்டைப் போட்டால் முகங்கள் எப்படி இருக்கும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. இவ்விடத்தில் ஆய்வாளன் கிண்டலை நிறுத்தி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தக் குழு செய்தவற்றுள் நல்லது இதுவே. முதல் ஆல்பத்தைவிட நல்லது. இதைச் சொன்னதால் ரசிகர் வட்டத்திலிருந்து விலக்கப்படலாம்; பரவாயில்லை.

2007இல் ‘ஓவர்டிரெஸ்டு’ ஆல்பத்துக்காக டெரிக் வெப் திரும்பி வந்தார். அவர் போனபோது குழு முடிந்தது என்றவர்களுக்கு இது விடை. அதற்குள் அவர் தனியாகப் பாடியதே மேல் என்ற புதிய பழமை உருவாகிவிட்டிருக்கும் என்பது நம் கருதுகோளிலிருந்து தானே பெறப்படும். பல நல்ல பாட்டுகளை எழுதிய ஆரன் டேட் மேடைக்கே வராதவர். அவரை மட்டும் யாரும் ‘பழைய மாதிரி இல்லை’ என்று சொல்ல முடியவில்லை.

மேலாய்வுக்கான களங்கள்

பேஸ் கிதார்க்காரரைப் பற்றி ரசிகர்கள் எதுவுமே சொல்லாதது ஏன் என்பது முனைவர் பட்டத்துக்கு ஏற்ற தலைப்பு. கச்சேரி முடிந்ததும் கையெழுத்து வாங்க வரிசையில் நின்று, புது ஆல்பத்தை நீட்டிக்கொண்டே பழைய ஆல்பத்தைப் புகழும் வழக்கத்தைத் தனியாக ஆராயலாம். ஆல்பத்தைக் கேட்காமலே கருத்துச் சொன்னவர்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களைச் சேர்த்தால் கேட்டவர்களுக்கு இடம் போதாது.