படிப்பும் சம்பளமும் ஒரே கூடையில்

கேள்வி: மகள் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருடம். பெரிய கம்பெனி செலவிலேயே புராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிக்க முடியும் என்கிறாள். நிஜமா?
- ஏலத்தோட்டத் தொழிலாளி, போடிநாயக்கனூர்

பதில்: நிஜம்தான் அம்மா. எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவின் ‘பில்ட் இந்தியா’ உதவித்தொகை இருக்கிறது. கடைசி ஆண்டு சிவில், எலக்ட்ரிக்கல் மாணவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்கள், திருச்சி, சூரத்கல் என்.ஐ.டி.க்களில் கட்டுமானத் தொழில்நுட்பமும் மேலாண்மையும் கற்கும் எம்.டெக். படிப்பு, கட்டணம் கம்பெனியுடையது, மாதா மாதம் கையிலும் பணம் வரும். முடித்ததும் அங்கேயே வேலை. ஒப்பந்தத்தை வரி விடாமல் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அந்தப் படிப்பின் அருமை போடிக்குத் தெரியும். மதுரை-போடி 90 கிலோமீட்டரை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். போடிக்கு ரயில் திரும்பியது 2023 ஜூனில். ரயில் நின்றபோது எல்.கே.ஜி.யில் இருந்த பிள்ளை பிளஸ் டூவுக்கு வந்துவிட்டது! வேலை இப்படி இழுபடாமல், பணமும் பாலமும் ஆளும் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ள உங்கள் மகளைப் போன்றவர்கள் நிறையப் பேர் வேண்டும். கடைசி வருடத்தில்தான் விண்ணப்பிக்க முடியும், இப்போதே போடட்டும்.