பேத்தி பாஸ், அம்மப்பா பெயில்

பென்சன் எடுத்த கணித வாத்தியாருக்குத் திரியாயில் இரண்டு வேலைதான். காலையில் நீலப்பணிக்கன் குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது, பின்னேரம் அதைக் கண்டவருக்கெல்லாம் சொல்வது. மூன்றாவதாக நானே ஒன்றைத் தேடிக்கொண்டேன்: குழந்தை உளவியல். யாரும் கேட்கவில்லை.

எல்லாம் இந்தியாவின் பரோடா நகரத்து உளவியலாளர் பிரமிளா ஃபாட்டக்கைப் பற்றி வாசித்ததால் வந்த வினை. அமெரிக்காவின் நான்ஸி பெய்லி செய்த அளவுகோலை அப்படியே நம் பிள்ளைகளின் தலையில் கட்டாமல், பரோடாக் குழந்தைகளையே சோதித்து, எந்த வயதில் எது வரும் என்று கணித்தவர். பிறந்ததிலிருந்து 30 மாதம்வரை, உடல் அசைவுக்கு 67, அறிவு வளர்ச்சிக்கு 163 சோதனைகள். பிள்ளைகள் கீறும் மனித உருவத்தை வைத்து அறிவை அளக்கவும் இந்தியக் குழந்தைகளுக்கென்று தனி அளவுகோல் செய்தார். ஆயுள் முழுக்கப் பொறுமை கேட்கும் தொழில். எனக்குப் புல்மோட்டை பஸ்ஸுக்கு நிற்கவே பொறுமை கிடையாது.

அத்தனை சோதனையைக் கண்டு மலைத்தபோது திருவனந்தபுரத்தில் செய்த சுருக்க அட்டவணை ஒன்று கைகொடுத்தது. பரோடா அளவுகளிலிருந்து பொறுக்கிய 17 சோதனைகள், இரண்டு வயதுவரை, ஒரே தாளில். அங்கன்வாடி ஊழியரே சில நிமிடத்தில் செய்துவிடலாமாம். அதற்குத் தேவையான பென்சிலும் திறப்புக் கோர்வையும் என்னிடம் இருந்தன. வேறென்ன தகுதி வேண்டும்?

பேத்தியைப் பாயில் இருத்தினேன். சின்னப் பொருளை விரல் நுனியால் எடுக்கிறாளா? ஒரு பிளம்ஸ் வைத்தேன். அழகாக எடுத்தாள். நான் குறிப்பதற்குள் வினாவையே தின்றுவிட்டாள்.

கைதட்டச் சொன்னேன். என்னையே பார்த்தாள். தட்டிக் காட்டினேன், பாடினேன், கடைசியில் அவளுடைய கைகளைப் பிடித்து நானே தட்டிவிட்டுச் 'சரி' போட்டேன். கொப்பி அடித்த பிள்ளைகளை வெளியே நிறுத்திய அதே மனுஷன்தான்.

பந்து எறியவேண்டும். வீட்டில் பந்தில்லை, திறப்புக் கோர்வையைக் கொடுத்தேன். அபார வளர்ச்சி. மோட்டார் சைக்கிள் திறப்பு கிணற்றுக்குள் கிடக்கிறது.

தனியே நடக்கும் சோதனை வந்தபோது நாற்காலிக் காலை விடமாட்டேன் என்றாள். நம் புலவர்களும் பிள்ளைத்தமிழில் செங்கீரைக்கு 5ஆம் மாதம், சப்பாணிக்கு 9, வருகைக்கு 13 என்று முறை வைத்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வா வா என்று கெஞ்சிப் பாடினார்கள். நான் தாளில் அவளுடைய வயதுக்கு நேரே கோடு கீறி, மகளிடம் பேராசிரியர் குரலில், "பிள்ளை கொஞ்சம் பிந்துது போல" என்றேன்.

"அப்பா, இவள் ரெண்டு மாதம் முந்திப் பிறந்தவள். அதைக் கழிச்சீங்களா?"

கழிக்கவில்லை. குறைமாதப் பிள்ளைக்கு, முந்திப் பிறந்த காலத்தைக் கழித்த வயதில்தான் கோடு போடவேண்டும், இரண்டு வயதுவரை. போட்டுப் பார்த்தேன். பேத்தி பாஸ். கழித்தல் படிப்பித்தே பென்சன் வாங்கியவன் பெயில்.

இன்னொன்றும் பிறகுதான் வாசித்தேன். அந்தத் தாளில் பிள்ளை எதையாவது தவறவிட்டால், விபரமாகச் சோதிக்க அனுப்பவேண்டும் என்பதுதான் பொருள். தீர்ப்புச் சொல்ல அதில் இடமே இல்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஏதும் யோசனை இருந்தால், கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மிட்வைஃப் மிஸ்ஸிடம் போங்கள். தயவுசெய்து என்னிடம் கொண்டுவராதீர்கள்.